ஒரு கூட்டல் கணக்கும் இல்லாத காய்ச்சலும்

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார்.

"சாருக்கு என்ன வேலை?"

"வாத்தியார்."

"என்ன பாடம் எடுக்கீங்க?"

"கூட்டல்."

"கணக்குப் பாடமா?"

"முழுக் கணக்கு இல்லை அண்ணாச்சி. கூட்டல் மட்டும். அதுவும் பத்துக்குள்ளே."

அத்தோடு அவர் அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்துவிடுவார். பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவர் யாராவது எதிர்ப் பந்தியில் இருந்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். நான் கோபப்பட்டதே இல்லை. மூன்றும் நான்கும் ஏழு என்பது அவருக்குப் பிறக்கும்போதே தெரிந்திருந்தது என்று நினைக்கிறார். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். அதை யாரோ ஒருவர் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்திருப்பார் என்பது யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

எனக்கு நிஜமாகவே தொண்டை கிழிந்துவிட்டது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் இருபத்தேழு வருஷம் ஒன்றாம் வகுப்புக்குக் கத்தியபின், "இனிமேல் பேச்சைக் குறைச்சே ஆகணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஐம்பத்துநாலு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். பேசத்தான் தடை, எழுதத் தடையில்லை. ஆகவே இந்த வருஷம் தொடக்கப் பள்ளி வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

கூட்டலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதில் நான் கைவைக்கப் போவதில்லை. பயந்துபோன ஒரு வாத்தியார் என்னென்ன செய்வார் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். அந்தத் துறையில் எனக்கு நல்ல அனுபவம்.

பயத்தில் பல ரகம் உண்டு. சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், சிலருக்கு உள்ளங்கை வியர்க்கும். எனக்குச் சிரிப்பு வரும். மேலதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால் போதும், ஒன்றுக்குப் பத்து ஜோக்கடிப்பேன். பிள்ளைகள் சிரிக்கும், சத்துணவுச் சமையல்காரம்மா சிரிப்பார், நான் தைரியசாலி என்று ஊரே நம்பும்.

நான் சொல்லும் பள்ளிக்கூடம் எட்டயபுரம் சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருந்தது. இரண்டே ஆசிரியர்கள். நான் ஒருவன், தலைமையாசிரியை ஒருவர். அவருக்கு ஊர் கடற்கரைப் பக்கம். ஞாயிறன்று மாதா கோயிலில் பாடுகிறவர், மற்ற ஆறு நாளும் குரலை உயர்த்தாதவர். நான் ஒரு நாளைக்கு நூறு வார்த்தை பேசினால் அவர் நான்கு பேசுவார். அந்த நான்கில் என் நூறும் அடிபட்டுப்போகும்.

ஒன்றாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள். அந்தப் பக்கம் இப்போது மக்காச்சோளம் அதிகம், அதனால் எண்ணுவதற்குச் சோள முத்துகளைத்தான் வைத்திருந்தேன். பிள்ளைகளே அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. ஆளுக்கு மூன்று தேங்காய்ச் சிரட்டை. முதல் சிரட்டையில் நான்கு முத்து, இரண்டாவதில் மூன்று. இரண்டிலும் உள்ளதை எடுத்து மூன்றாவது சிரட்டையில் போட்டு எண்ணவேண்டும். ஏழு வரும். வந்தால் கூட்டல் புரிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் விரல், படம், எண் எல்லாம். பொருளைத் தாண்டாத பிள்ளையைப் படத்துக்கு விடக்கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொன்னதைக் கேட்கிற ஆள் நான்.

முப்பிடாதி என்று ஒரு பிள்ளை. ஆறு வயது. ஆட்டு மந்தை வைத்திருக்கிற குடும்பம். அதிகம் பேசமாட்டாள், ஆனால் பத்து வரைக்கும் தடுமாறாமல் எண்ணுவாள். சிரட்டைக் கணக்கில் மட்டும் அவளுக்கு நான்கும் மூன்றும் ஐந்து.

முதல் நாள் கைதவறி இருக்கும் என்று விட்டேன். மறுநாள் மூன்றும் இரண்டும் மூன்று. அதற்கடுத்த நாள் ஐந்தும் நான்கும் ஏழு. கணக்கைக் கவனித்தீர்களா? நீங்கள் இப்போது வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறீர்கள், கவனித்திருப்பீர்கள். நான் கவனிக்கவில்லை. தப்பு என்றால் தப்பு, அவ்வளவுதான். அது எவ்வளவு தப்பு, தினமும் ஒரே மாதிரித் தப்பா என்றெல்லாம் பார்க்கிற பொறுமை எனக்கு இல்லை. பதினொரு பேரிடமும் விடையைக் கேட்டுச் சரி, சரி, தப்பு, சரி என்று நடந்துகொண்டே போவேன்.

தலைமையாசிரியையிடம் போய் வழக்கம்போல் ஜோக்கடித்தேன்.

"டீச்சர், சேர்க்கச் சேர்க்கக் குறையுத கணக்கு உலகத்துலயே நம்ம முப்பிடாதிகிட்டதான் இருக்கு."

அவர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பக்கத்துல உக்காந்து பாத்தீங்களா?"

"பாத்தேன் டீச்சர்."

நான் பார்த்தது விடையை. அவளுடைய கையைப் பார்க்கவில்லை.

ஒரு நாள் பொறுமை போய், இதைவிட எளிதாக உலகத்தில் கணக்கே கிடையாது என்று, முதல் சிரட்டையில் ஒரு முத்தும் இரண்டாவதில் ஒரு முத்தும் போட்டுக் கொடுத்தேன்.

"ஒண்ணும் ஒண்ணும் எத்தனை, சொல்லு பாப்போம்?"

அவள் இரண்டு சிரட்டையையும் பார்த்தாள். மூன்றாவது சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னாள்.

"ஒண்ணுமில்ல சார்."

வகுப்பே சிரித்தது. அதை நான் அடக்கியிருக்கவேண்டும். முதலில் சிரித்ததே நான்தான்.

பாடம் முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து முத்துகளைச் சாக்கில் சேர்ப்பதும் நான்தான். அவளுடைய சிரட்டைகளில் எப்போதும் மிச்சம் கிடக்கும். சொன்ன வேலையை முழுசாகச் செய்யாத சோம்பல் என்று நினைத்துக்கொண்டு, நானே தினமும் அந்த மிச்சத்தைப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன். திருடன் விட்டுப்போன சாவியைத் துடைத்துப் பத்திரமாக மாட்டி வைத்த போலீஸ்காரனை நீங்கள் பார்த்ததில்லை என்றால் என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் தகவல் வந்தது. வட்டாரத்திலிருந்து ஓர் அதிகாரி மறுநாள் பார்வைக்கு வருகிறார். ஏதாவது ஒரு பிள்ளையை எழுப்பிக் கூட்டல் கேட்பார், தெரியாவிட்டால் பார்வைப் பதிவேட்டில் எழுதிவிடுவார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் எழுதியிருந்தார். அந்த வாத்தியார் ஒரு வாரமாகச் சாப்பிடவில்லை என்று அவரே போனில் சொன்னார். அதை அவர் வாய்நிறைய எதையோ மென்றுகொண்டே சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் தலைக்குள் ஒரே காட்சிதான் ஓடியது. அதிகாரி முப்பிடாதியை எழுப்புகிறார். ஒன்றும் ஒன்றும் எத்தனை என்கிறார். அவள் ஒன்றுமில்லை என்கிறாள்.

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக அவள் அம்மா வந்தாள். தலையில் ஆடுகளுக்குக் கருவ மரத்து நெற்றுக் காய் பொறுக்கிய சாக்கு. நான் முப்பிடாதியின் நெற்றியில் கையை வைத்தேன். பிள்ளைகளைத் தொட்டுப் பார்ப்பது வாத்தியாருக்குப் பழக்கம்தானே. கை தானாகப் போனது, வாயும் தானாகவே போனது.

"லேசா சுடுதே தாயி. நாளைக்கு வீட்டுல இருக்கட்டும்."

அந்தம்மா சாக்கை இறக்காமலே, புறங்கையால் பிள்ளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி சார்" என்றாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். அந்த முகத்தில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

மறுநாள் கூட்டல் தெரிந்த பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அதிகாரியின் வண்டி பின்னால் வேப்பமர நிழலில் நின்றது. அவர் பின்வாசல் வழியாக வந்து கடைசி வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மூன்றும் ஐந்தும் எத்தனை என்று ஒருவனைக் கேட்டார். எட்டு என்றான். இன்னொருத்தியைக் கேட்டார். அவளும் சரியாகச் சொன்னாள். என்னைவிட அந்தப் பிள்ளைகளுக்கு நெஞ்சுரம் அதிகம். அதிகாரி கையெழுத்துப் போடப் பேனா கேட்டார். நான் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சாக்பீஸ்.

"ஒரு பிள்ளை வரலையா?"

"காய்ச்சல் சார்."

அதையும் எழுதினார். 'கூட்டல் நன்று. ஒரு மாணவி காய்ச்சலால் வரவில்லை.' உண்மையில் அவர் சாதுவான மனிதர். பிள்ளை தெரியாது என்று சொல்லியிருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. பயந்தவனுக்கு எதிரில் இருப்பவரின் முகம் தெரிவதில்லை. அவர் கையில் இருக்கிற நோட்டுதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை முப்பிடாதி வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை. நான் விசாரிக்கவும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பயல் சொன்னான்.

"சார், அவ இனிமே வரமாட்டா. கிடைக்குப் போறா. வியாழக்கிழம எல்லாரும் போறாவ."

கிடை என்றால் ஆட்டு மந்தையை இரவில் வயலில் அடைத்துப் போடுவது. ஆற்றுப் பாசன ஊர்களில் நெல் அறுப்பு முடிந்ததும் எருவுக்காக மந்தையைக் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அவள் அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் போவார்கள். அம்மா பிள்ளையோடு ஊரில் இருப்பாள். இந்த வருஷம் குடும்பத்தோடு போகிறார்கள். போனால் வயல் வயலாக மாறி, ஊர் திரும்ப வெயில் காலம் முடிந்துவிடும். அப்படிப் போன பிள்ளைகள் திரும்பி வந்து மறுபடி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை. வெட்கப்பட்டு ஆட்டுக்குப் பின்னாலேயே போய்விடும்.

தலைமையாசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஜோக் எதுவும் வரவில்லை. அவர் கேட்டு முடிக்கும்வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பாதி பாரம் குறையும். அந்த வசதியை அவர் எனக்குச் செய்து தரவில்லை.

"நீங்க குடுத்த காய்ச்சல்தான சார்? நீங்களே போயி எறக்கிட்டு வாங்க" என்றார். "உங்க கிளாஸ நான் பாத்துக்கிடுதேன்."

முந்தின நாள் காலம் தப்பிய மழை ஒன்று பெய்திருந்தது. கரிசல் நனைந்தால் என்ன ஆகும் என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்த மண் உங்களைப் போக விடாது. நூறு அடியில் பைக் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அடைத்து வண்டி நின்றுவிட்டது. குச்சியை வைத்து நோண்டிப் பார்த்தேன். பிறகு வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு நடந்தேன். பத்தடிக்கு ஒருமுறை என் கால் ஒரு சுற்றுப் பெருத்தது. அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது நான் வாத்தியாராகத் தெரியவில்லை. நட்டுவைத்த கம்பம் மாதிரி இருந்தேன்.

அந்தம்மா முற்றத்தில் சாக்குகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். முப்பிடாதி ஒரு ஆட்டுக்குட்டியின் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் குட்டியை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"வாங்க சார். காலக் கழுவுங்க" என்று தண்ணீர் தந்தாள் அந்தம்மா.

"பிள்ளை ஏன் தாயி பள்ளிக்கூடம் வரலை?"

"நீங்கதான சார் வேண்டாம்னிய?"

"நான் ஒரு நாளைக்குத்தான சொன்னேன்? லேசா காய்ச்சல்னு..."

"அவளுக்குக் காய்ச்சல் இல்லன்னு பெத்தவளுக்குத் தெரியாதா சார்?" குரலில் கோபம் இல்லை. "படிப்பு ஏறலன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லச் சங்கடப்பட்டுத்தான் காய்ச்சல்னு சொல்லுதிய. எங்களுக்கு வெளங்காதா? ஒரு வாத்தியாரு அப்படிச் சாடமாடையாச் சொன்னா, நாமதான் புரிஞ்சு நடந்துக்கிடணும். இவ அப்பாவும் அதான் சொன்னாவ. அந்த மனுசன் நல்லவரு, நோகாமச் சொல்லிட்டாருன்னு."

தம்பிமாரே, தங்கைமாரே, வாழ்க்கையில் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். நல்லவர் என்று சொல்லி யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

அந்தம்மா கதவைப் பார்த்துச் சத்தம் கொடுத்தாள்.

"ஏட்டி முப்பிடாதி, அங்கன என்ன ஒளிஞ்சுக்கிட்டு? பானையில உள்ள கம்பப் பையில போடு. வெரசா."

அவள் என்னைப் பார்க்காமலே வந்து பானைக்கு முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் கம்பை அள்ளி அள்ளித் துணிப்பையில் போட்டாள். அடி வரைக்கும் அள்ளினாள். பிறகு கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு கைப்பிடிக் கம்பு கிடந்தது.

"இன்னும் இருக்கே ஏட்டி?" என்றேன். வகுப்பில் தினமும் சொல்கிற அதே எரிச்சலோடுதான் சொன்னேன். பழக்கதோஷம்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்றுதான் முதல்முறையாக அவள் முகத்தில் என்னைப் பற்றிய கவலையைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற கவலை.

"அத எடுக்கக் கூடாது சார். வெறும் பானை ஆயிரும்லா."

எங்கள் வீட்டிலும் அதுதானே வழக்கம்! அரிசிப் பானையை என் அம்மா ஒருநாளும் துடைத்து எடுத்ததில்லை. தானியம் இருந்த பாத்திரத்தைக் காலியாக வைத்தால் வீட்டுக்கு ஆகாது, அது நாலு தானிய மணியாக இருந்தாலும் மிச்சம் வைக்கவேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். பள்ளிக்கூட வாசலில் செருப்போடு சேர்த்து அதையும் கழற்றி விட்டுவிட்டுத்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். பழுதான ட்யூப்லைட் மாதிரி மண்டைக்குள் நாலு தரம் மினுக்கி, ஐந்தாவது தரம் நின்று எரிந்தது.

என் பையில் எப்போதும் சோள முத்து கிடக்கும். முற்றத்தில் கிடந்த பானை ஓடுகளில் மூன்றை எடுத்து வைத்தேன். ஒன்றில் நான்கு, ஒன்றில் மூன்று.

"சேத்துப் போடு பாப்போம்."

முதல் ஓட்டிலிருந்து மூன்றை எடுத்தாள். இரண்டாவதிலிருந்து இரண்டை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு முத்து உட்கார்ந்திருந்தது.

"இது ரெண்டும்?"

"அது இருக்கட்டும் சார்."

முத்துகளை எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். ஆட்டுக்காரர் முற்றத்தில் எண்ணுவதற்கு என்ன பஞ்சம்! காய்ந்த புழுக்கைகளைப் பொறுக்கி, நான்கும் மூன்றுமாக வைத்தேன். அவள் ஒன்றுவிடாமல் எடுத்து மூன்றாவது ஓட்டில் போட்டாள்.

"எத்தனை?"

"ஏழு."

"இதுல ஏன் மிச்சம் வைக்கல?"

"சீ! புழுக்கையவா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஐந்தும் நான்கும் கொடுத்தேன். ஒன்பது. ஒன்றும் ஒன்றும் கொடுத்தேன். இரண்டு. நான் தரையில் குந்தி உட்கார்ந்து இன்னும் இன்னும் என்று பொறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன சார், புழுக்கைய எண்ணுததுக்கா இம்புட்டுச் சகதியில வந்திய?"

"தாயி, உம் மகளுக்குக் கூட்டல் தெரியும். அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் பாக்கத் தெரியல. பிள்ளைய அனுப்பு."

அந்தம்மா ஒரு சாக்கின் வாயை முறுக்கிக் கட்டினாள்.

"இவ இங்கன இருந்தா நானும் இருக்கணும் சார். நான் இருந்தா அவியளுக்குக் கஞ்சி காய்ச்சுததுக்கு ஆளு இல்ல. போன வருசம் வயித்து வலியோடதான் வந்து சேந்தாவ. இந்த வருசம் நானும் வாரேன்னு சொல்லி மனசத் தேத்தி வச்சிருக்கேன்." நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "இப்பச் சொல்லுதது நெசமா, இல்ல இதுவும் காய்ச்சலா?"

ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். நமக்கு எது கைவந்த கலையோ, அதை எடுத்து முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிற நேரம் ஒன்று வரும். எனக்கு ஜோக். உங்களுக்கு அதிகாரமாக இருக்கலாம், அழுகையாக இருக்கலாம், நாலு அரசாணை எண்ணாக இருக்கலாம். அந்த நேரத்தில் அதை எடுக்காதீர்கள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் இல்ல தாயி. மறுநாள் மேலதிகாரி வர இருந்தாரு. உம் மகளைக் கேட்டு அவ தப்பாச் சொல்லிட்டா எனக்குக் கெட்ட பேரு வந்துரும்னு பயந்துட்டேன். அதான் வீட்டுல இருக்கச் சொன்னேன்."

இதைப் பிள்ளையின் முன்னால் சொன்னேன். அவள் புழுக்கைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும்.

"அவிய வந்து என்ன செய்வாவ?"

"நோட்டுல எழுதுவாங்க."

"எழுதுனா?"

அதுவரை பதினெட்டு வருஷத்தில் யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். எழுதினால் ஒன்றும் ஆகாது. விளக்கம் கேட்பார்கள், எழுதிக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கு ஒரு பிள்ளையை விலையாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

"நான் ஒத்தையாச் சொல்ல முடியாது சார். அவிய மந்தையோட இருக்காவ. கேட்டுத்தான் சொல்லணும்" என்றாள். காப்பி குடிக்கச் சொன்னாள். குடித்தேன். அவள் எந்த வாக்குறுதியும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதையை நானே கெடுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்குத் திரும்பியதும் தலைமையாசிரியையிடம் பார்வைப் பதிவேட்டைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் எடுத்துத் தந்தார். அதிகாரி எழுதியதற்குக் கீழே எழுதினேன். 'அந்த மாணவிக்குக் காய்ச்சல் இல்லை. கூட்டல் தெரியாது என்று தவறாக எண்ணி வீட்டில் இருக்கச் சொன்னது நான். அவளுக்குக் கூட்டல் தெரியும்.' பேனாவைத்தான் எடுத்திருக்கிறேனா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை படித்தார். ஒரு சந்திப் பிழையைத் திருத்தினார். பிறகு என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டு, பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தார். பின்னால் விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. இருவருமாக எழுதிக் கொடுத்தோம். இருவருமே உயிரோடு இருக்கிறோம்.

மறுநாள் புதன்கிழமை. முதல்முறையாகப் பிள்ளைகளின் விடையைக் கேட்காமல் கைகளைப் பார்த்தேன். பத்துப் பேரில் மூன்று பேர் கடைசி முத்துக்கு வரும்போது தயங்கினார்கள். பக்கத்துச் சிரட்டையைப் பார்த்தார்கள். அது காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மனசில்லாமல் கடைசி முத்தையும் எடுத்துப் போட்டார்கள். அந்த வழக்கம் அவர்கள் வீட்டிலும் இருந்திருக்கிறது. அவர்கள் அக்கம்பக்கம் பார்த்துத் தப்பித்துக்கொண்டார்கள். முப்பிடாதி யாரையும் பார்க்காத பிள்ளை. வீட்டில் சொன்னதையும் நம்பினாள், நான் சொன்னதையும் நம்பினாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். அதற்குத்தான் நான் அவளுக்குத் தப்புப் போட்டேன். அன்று மத்தியானமே சோளத்தைச் சாக்கோடு சத்துணவுக் கூடத்துக் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டு, ஓடையிலிருந்து கூழாங்கற்கள் பொறுக்கி வந்தேன். கல்லைக் காலி செய்தால் யாருக்கும் பாவமில்லை.

ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப ஒரே மாதிரித் தப்புச் செய்தால், அது எதையோ சரியாகச் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எதை என்று கண்டுபிடிப்பதற்குத்தான் நமக்குச் சம்பளம். நான் அதைக் கண்டுபிடித்தது வேலைக்குச் சேர்ந்து பதினெட்டாவது வருஷத்தில். நீங்கள் முதல் வருஷத்திலேயே பிழைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கே பள்ளிக்குப் போய்விட்டேன். மந்தை எங்கள் பள்ளி வாசல் வழியாகத்தான் பெரிய சாலைக்குப் போகவேண்டும். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமையாசிரியையும் வந்து நின்றார்.

இரண்டு நாள் வெயிலில் காய்ந்திருந்த சாலையில் முதலில் புழுதி தெரிந்தது. பிறகு மணிச் சத்தம். முன்னால் சித்தப்பா, தோளில் கம்பு. அவருக்குப் பின்னால் ஆடுகள். சாலையை அடைத்துக்கொண்டு, ஒன்றின் முதுகில் ஒன்றின் தலையாக, வந்துகொண்டே இருந்தன. அத்தனை ஆடுகள் அந்தக் குடும்பத்துக்கு இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கழுதை ஒன்று பாத்திரம் பண்டங்களைச் சுமந்து போனது. என் கண் அதற்குப் பின்னால் வருகிற ஆட்களைத் தேடியது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை.

மந்தையின் வால் பள்ளி வாசலைத் தாண்டுகிற நேரம் புழுதி கொஞ்சம் அடங்கியது. கடைசியாக அவள் அப்பா வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் வைத்துத் தலை பின்னி, யூனிபார்ம் போட்டு, புத்தகப் பையோடு முப்பிடாதி வந்தாள். அவள் அம்மா மந்தையோடு வரவில்லை, பிள்ளைக்காக ஊரிலேயே நின்றுவிட்டாள்.

அவர் கேட்டுக்கு முன்னால் நின்றார். பிள்ளையின் கையை விட்டார். அவள் உள்ளே ஓடவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, தூரத்தில் போகிற ஆடுகளைப் பார்த்தாள்.

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்புத்தான். அவர் கேட்கிற நிலையில் இல்லை. முன்னால் இரண்டு ஆடுகள் யாருடைய உளுந்துக் காட்டுப் பக்கமோ ஒதுங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"சார், முட்டை போடுத அன்னைக்கு இவ மஞ்சக்கருவத் திங்க மாட்டா. கொமட்டும். அதுக்காகப் பிள்ளைய வையாதிய, என்னா?"

"வைய மாட்டேன் அண்ணாச்சி."

தலையாட்டிவிட்டு, நாக்கை மடித்து ஒரு விசில் கொடுத்து, ஆடுகளின் பின்னால் வேகமாக நடந்தார். கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.